சந்தனத் தீற்றல்

கோபத்தைத் தொலைக்கத்தான் செங்கோடன் ஆற்றங்கரை மடத்துக்கு வந்தான். சுவரில் ஒரு கரும்புள்ளி இருக்கும். அதையே அசையாமல் பார்ப்பது அவனுடைய பயிற்சி. கண் சற்று நடுங்கினாலும் தன்மீதே எரிந்து விழுவான். ஆண்டுகள் ஓடின. கோபம் மட்டும் தணியவில்லை.

ஒரு காலை, ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி நல்லான் வந்து நின்றான்.

செங்கோடன் நேரே குருவிடம் போய் அவனை விரட்டச் சொன்னான். குரு மெய்யம்மை அவனைவிட இளையவர். காரணம் கேட்டார்.

“வெள்ளம் வந்தபோது என் மனைவி கரையில் நின்றாள். பார்த்துக்கொண்டே படகை எடுத்துப் போனவன் அவன். அவளை ஆறு கொண்டுபோய்விட்டது.”

பிறகு இத்தனை பயிற்சிக்குப் பின்னும் கண் அடங்கவில்லையே, மனம் எப்படி அடங்கும் என்று அவரிடமே சீறினான்.

மெய்யம்மை அவனைப் பயிற்சிச் சுவருக்கு முன் அழைத்துப்போனார். சந்தனத்தை விரலால் தொட்டு, புள்ளிக்கு ஒரு சாண் தள்ளி, சுவரில் பட்டும் படாமலும் தீற்றினார். புள்ளியை மட்டும் பார்க்கச் சொன்னார்.

செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். கோபமே அவன் கண்ணைப் பிடித்து நிறுத்தியது. ஓரத்தில் தெரிந்த சந்தனம் மங்கியது. பிறகு இல்லாமலே போயிற்று. வெறும் சுவர்தான் இருந்தது.

“யார் அழித்தது?” என்று திரும்பினான்.

சந்தனம் வைத்த இடத்திலேயே இருந்தது.

“நமக்கே தெரியாமல் கண் துடித்துக்கொண்டே இருக்கிறது, ஐயா. அதனால்தான் பார்வை இருக்கிறது. அந்தத் துடிப்பு ஓய்ந்தால், எதிரில் இருப்பதும் மறைந்துபோகும்.”

“நான் பேச வந்தது அவனைப் பற்றி.”

“அந்தப் படகில் யார் யார் இருந்தார்கள்?”

“அவன் பிள்ளைகள்.”

“வேறு?”

யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு தலை கவிழ்ந்தபடி சொன்னான்.

“என் மகள்.”

“இப்போது எங்கே இருக்கிறாள்?”

“அவன்தான் வளர்க்கிறான்.”

“வாசலில் அவன் பக்கத்தில்தான் நிற்கிறாள்” என்றார் மெய்யம்மை.