கோகின் தையலும் வாயாடிப் பூனையும்

அந்தக் காலத்தில் எல்லா விலங்குகளும் பேசின. மாடு தேவைப்பட்டால் பேசும், நாய் கேட்டால் பேசும். பூனை மட்டும் வாயை மூடியதே கிடையாது.

ஜப்பானின் வடகோடியில், பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கும் சுகாரு நாட்டில் இசோ என்றொரு குடியானவப் பெண் இருந்தாள். அங்கே குடியானவர்கள் பருத்தித் துணி உடுத்தக் கூடாது என்பது பிரபுவின் உத்தரவு. உத்தரவு போட்டவர் பஞ்சு மெத்தையில் படுத்திருந்தார், அவருக்கென்ன! மற்றவர்களுக்கு ஓட்டை ஓட்டையான சணல் துணிதான். முந்தைய வருஷம் அதைப் போட்டுக்கொண்டு மலைக்கு விறகு வெட்டப் போன இசோவின் கணவன் ஜின்பே, நெஞ்சில் சளி கட்டி மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தான். இன்னொரு தடவை அப்படி ஆனால் பிழைக்க மாட்டான்.

துணிக்குத்தான் தடை, நூலுக்கு இல்லை. சணல் இழைகளை எண்ணி எண்ணி, வெள்ளைப் பருத்தி நூலை ஊசியில் கோத்து ஓட்டைகளை அடைத்துவிடலாம் என்று இசோ ஒரு வழி கண்டுபிடித்தாள். அதுதான் கோகின் தையல். வீட்டில் விறகு தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை ஜின்பே மலை ஏற வேண்டும். அவன் சட்டையின் முதுகோ இன்னும் தையல் விழாமல் வெறுமையாகக் கிடந்தது.

"ரெண்டு... நாலு... ஆறு..." என்று எண்ணினாள்.

"நடுவுல ஒண்ணு குறையுது," என்றது பக்கத்தில் படுத்திருந்த அவள் வீட்டுப் பூனை.

"சும்மா இரு."

"குறையிறதைத்தானே சொல்றேன். மூணு, அஞ்சு, ஏழு."

கணக்குத் தப்பியது. பிரித்தாள். மறுபடி எண்ணினாள். பூனை மறுபடி சொன்னது. மறுபடி பிரித்தாள்.

"கஞ்சி ஆச்சா?" என்று ஜின்பே எட்டிப் பார்த்தான்.

"இழையை எண்ணிக்கிட்டு இருக்கேன், கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

அவன் தலையை இழுத்துக்கொண்டான். இசோ கடுப்பில் பூனை சொன்ன எண்களையே தைத்துத் தொலைத்தாள். மூன்று, ஐந்து, ஏழு என்று விரிந்த டைமன் கட்டம், மறுபடி குறுகி ஒரே இழையில் கூராக முடிந்தது. அவள் தைத்த பழைய கட்டங்கள் முனை மழுங்கி, நடுவே சந்து விட்டிருந்தன. இது பக்கத்துக் கட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. பூனை சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதோடாவது விட்டதா?

"என் கணக்குதானே? ஜின்பேகிட்ட சொல்லு. எதிர்வீட்டு நாய்கிட்ட நானே சொல்லிக்கிறேன். ஆமா, இப்ப எத்தனையாவது வரிசை?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாதி முதுகு மிச்சம். இசோ ஊசியைக் கீழே வைத்தாள்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"ஊர் முழுக்க என் பெருமை தெரியணும்."

"கட்டத்துக்கு நடுவுல உன் கண்ணு மாதிரியே தைக்கிறேன். இதைப் பார்த்து எல்லாரும் தைப்பாங்க. ஊர்ல எல்லார் முதுகுலயும் உன் கண்ணுதான் இருக்கும். அதுக்கு நீ பேச்சை விட்டுடணும்."

"இன்னிக்கு மட்டுமா?"

"என்னிக்குமே. உன் குட்டிங்களும்தான்."

பூனைக்குத் தன் கண்மேல் கொள்ளைக் கர்வம். "சரி," என்றது. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

விளக்கு வைப்பதற்குள் சட்டை முடிந்தது. மறுநாள் ஜின்பே பனிப்புயலில் விறகுக் கட்டோடு இறங்கி வந்தான். ஒரு தும்மல்கூட இல்லை. "கஞ்சி ஆச்சா?" என்றுதான் கேட்டான். இசோ அழுதுகொண்டே ஊற்றினாள்.

அப்புறம் தனக்கொரு சட்டை தைக்க உட்கார்ந்தாள். வீட்டில் சத்தமே இல்லை. மூன்று, ஐந்து... அடுத்தது ஏழா, ஏழைத் தாண்டிவிட்டோமா? யாரும் குறுக்கே பேசாமலேயே கணக்குத் தப்பிவிட்டது!

"ஏய், எத்தனை விட்டேன்?"

பூனை துணியைப் பார்த்தது. அவளைப் பார்த்தது.

"தெரியும்ல உனக்கு? சொல்லித் தொலையேன்!"

அன்று முதல்தான் கோகின் தைப்பவர்கள் ஒற்றைப்படையில் எண்ணுகிறார்கள், பூனைக்கண்ணும் வைத்துத் தைக்கிறார்கள். அன்று முதல்தான் பூனைகளும், நாம் எங்கே தப்பு செய்தோம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, ஒன்றும் சொல்லாமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.