பூநாரைக் குஞ்சுகளும் பலகுரல் கரிச்சானும்

உப்பங்கழியின் நடுவே ஒரு சேற்றுத் திட்டு இருந்தது. அதன் ஓரத்தில் ஒரே ஒரு கண்டல் மரம். அந்தத் திட்டில்தான் பூநாரைகள் தங்கள் குஞ்சுகளுக்குக் காப்பகம் நடத்திவந்தன.

விடிந்ததும் பெரிய பூநாரைகள் குஞ்சுகளை அங்கே விட்டுவிட்டு இரைதேடப் பறந்துவிடும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவந்து, திட்டின் கரையில் நின்று கூப்பிடும். ஒவ்வொரு தாய்க்கும் அதனதன் குஞ்சு கூட்டத்துக்குள்ளிருந்து பதில் குரல் கொடுத்து ஓடிவரும். தாய் தன் தொண்டையில் சுரக்கும் சிவந்த பாலை அலகோடு அலகு வைத்து ஊட்டும்.

குஞ்சுகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே உயரம், ஒரே அழுக்கு. பெற்ற தாய்க்குக்கூட முகம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குரல்தான் அடையாளம்; அதைக் கேட்காமல் எந்தத் தாயும் ஊட்டாது. அடுத்த வீட்டுக் குஞ்சுக்கு ஊட்ட எந்தத் தாயிடமும் பால் மிஞ்சாது.

காப்பகத்தின் பொறுப்பு அலரி என்ற பூநாரையிடம் இருந்தது. இளம் வயது, கால் நீளம், பேச்சு குறைவு. ஒரு நாள் அதனிடம் வேலை கேட்டு ஒரு கரிச்சான் வந்தது. இரட்டை வாலும் கருத்த உடம்புமாக வந்து கண்டல் கிளையில் உட்கார்ந்தது.

"பயிற்சிக்கு ஆள் எடுக்கிறீங்களாமே?"

"எடுக்கிறோம் அண்ணே. ஆனா உங்க வயசுக்கு..."

"வயசை விடு. தொழிலைக் கேளு."

"சரி, என்ன தெரியும் சொல்லுங்க."

கரிச்சான் வல்லூறைப் போலக் கத்தியது. திட்டிலிருந்த நண்டுகள் எல்லாம் வளைக்குள் பாய்ந்தன. அடுத்து நீர்க்காகம் போலக் கரகரத்தது. கடைசியாக அலரியின் குரலிலேயே, "சரி, என்ன தெரியும் சொல்லுங்க" என்றது.

குஞ்சுகள் கூச்சலிட்டுச் சிரித்தன. அலரி சிரிக்கவில்லை.

"இதை வச்சுக்கிட்டு இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

கரிச்சான் வாலை இப்படியும் அப்படியும் ஆட்டியது. வல்லூறு போலக் கத்தி மற்ற பறவைகளை விரட்டிவிட்டு, அவை போட்டுவிட்டு ஓடிய இரையைத் தின்றே அதன் பாதி வயது போயிருந்தது. இப்போது கரையில் எந்தப் பறவையும் அதன் பக்கத்தில் உட்காருவதில்லை. அது தூரத்தில் வந்தாலே கிளை காலியாகிவிடும். இரைக்கு அதற்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் உட்கார ஒரு ஜீவன் வேண்டும் என்றுதான் அது வந்திருந்தது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

"பிழைச்சேன்" என்று மட்டும் சொன்னது.

"பௌர்ணமி வரைக்கும் பயிற்சி. அதுக்கப்புறம் முடிவு சொல்றேன்" என்றது அலரி.

"முடிவு எனக்கு இப்பவே தெரியும்" என்றது கரிச்சான்.

வேலை அதற்குச் சட்டென்று பிடிபட்டது. வெயில் திரும்பும்போது குஞ்சுகளை நிழலுக்கு ஓட்டியது. ஆழத்தில் கால்வைக்கப் போன குஞ்சை முன்னால் பறந்து மறித்தது. பருந்து ஒன்று வட்டமிட்டபோது அதைவிட நாலு மடங்கு சிறியதாக இருந்தும் முதுகில் கொத்தி விரட்டிவிட்டு வந்தது. அன்று குஞ்சுகள் கரிச்சானைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தன. அது கிளைக்குத் திரும்பவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் அதற்குப் பொறுக்கவில்லை. அழுகை.

சிப்பி என்று ஒரு குஞ்சு. பவளம் என்ற பூநாரையின் மகள். தாய் பறந்த நொடியில் ஆரம்பித்தால் உச்சிவெயில் வரை விடாது. அலரி அதன் பக்கத்தில் போய் நிற்கும். சிறகை விரித்து நிழல் கொடுக்கும்.

"ஆமா சிப்பி, அம்மா போயிட்டா. சாயங்காலம் வருவா. நான் இங்கேதான் இருக்கேன்."

சிப்பி இன்னும் பலமாக அழும். அலரி அப்படியே நிற்கும்.

"இப்படி நின்னா அழுகை நிக்குமா?" என்று கேட்டது கரிச்சான்.

"நிக்கும்போது நிக்கும் அண்ணே."

"அதுவரைக்கும்?"

"அழட்டும். நாம கூட இருக்கணும். அவ்வளவுதான்."

இது ஒரு வேலையா என்று நினைத்தது கரிச்சான். பிள்ளை அழுகிறது, அம்மா வேண்டும் என்கிறது. அம்மாவைக் கொடுத்தால் தீர்ந்தது. அந்த அம்மா என் தொண்டையிலேயே இருக்கிறாளே! பொய்க்குரல் கொடுத்துத் திருடினால் பாவம். பிள்ளையைத் தேற்றினால் புண்ணியம்தானே? இத்தனை காலம் கெட்டதற்குப் பயன்பட்ட வித்தை, இனி நல்லதற்குப் பயன்படட்டும்.

மறுநாள் அலரி மற்ற குஞ்சுகளைக் குளிக்கக் கூட்டிப்போனது. கரிச்சான் கண்டல் இலைக்குள் மறைந்துகொண்டு பவளத்தின் குரலில் கூப்பிட்டது.

"சிப்பீ! என் கண்ணே!"

சிப்பியின் அழுகை வெட்டினாற்போல நின்றது. குஞ்சு மரத்தடிக்கு ஓடிவந்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. அலகைத் திறந்து காத்திருந்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது. அழவில்லை.

பார்த்தாயா, எவ்வளவு சுலபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கரிச்சான்.

அதன்பின் அலரி தள்ளிப் போகும்போதெல்லாம், நுரை என்ற குஞ்சு அழுதால் நுரையின் அம்மா குரல், கோரை என்ற குஞ்சு அழுதால் கோரையின் அம்மா குரல். கரிச்சானுக்கு எல்லாத் தாய்களின் குரலும் அத்துப்படி. முதலில் குஞ்சுகள் ஓடிவந்து தேடின. சில நாளில் ஓடிவருவதை விட்டு, நின்ற இடத்திலேயே தலையை மட்டும் தூக்கின. பிறகு தலையையும் தூக்கவில்லை. காப்பகம் கப்சிப் என்று ஆனது.

"என்ன அண்ணே, ஒரு சத்தத்தையும் காணோம்?" என்று சந்தேகமாகக் கேட்டது அலரி.

"எல்லாம் என் சிறகு ராசி. உன் ஆட்சியிலே ஒரே ஒப்பாரி. இப்ப பாரு, பிள்ளைங்க எவ்வளவு பக்குவமா இருக்குன்னு."

சாயங்காலம் தாய்கள் வந்து கூப்பிட்டபோது பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. மறுநாள் இன்னும் கொஞ்சம். "என் தொண்டை வலிக்கிற வரைக்கும் கூப்பிட்டேன். அப்புறம்தான் 'ம்' என்கிறா" என்று பவளம் குறைப்பட்டுக்கொண்டது.

"விளையாடின களைப்பு" என்றது கரிச்சான்.

வெயில் முற்றியது. பக்கத்துக் கழிகள் வற்றி உப்புப் பூத்தன. பூநாரைகள் தொலைதூரம் போகவேண்டியதாயிற்று. ஒரு நாள் காலையில் போனவை அன்று திரும்பவில்லை.

குஞ்சுகள் பசியில் அழ ஆரம்பித்தன. அலரி தூரத்துக் கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கரிச்சான் மரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாயாக மாறி மாறிக் கூப்பிட்டது. "இதோ வந்துட்டேன்", "இதோ பக்கத்துலதான்." அழுகை நின்றது. இருட்டுவதற்குள் திட்டே அடங்கிவிட்டது. அலரி குஞ்சுகளுக்கு நடுவே இரவெல்லாம் நின்றது. கரிச்சான் நிம்மதியாகத் தூங்கியது.

விடியலில் வானம் சிவந்தாற்போலப் பூநாரைக் கூட்டம் வந்து இறங்கியது. தொண்டை நிறையப் பாலோடு தாய்கள் கரையில் வரிசையாக நின்று கூப்பிட்டன.

"நுரை!"

"கோரை! அம்மாடா!"

"சிப்பீ! என் கண்ணே!"

ஒரு குஞ்சும் திரும்பிப் பார்க்கவில்லை.

தாய்கள் மறுபடி கூப்பிட்டன. மறுபடியும். ஒன்றிரண்டு கூட்டத்துக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட குஞ்சையெல்லாம் உற்றுப் பார்த்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே உயரம், ஒரே அழுக்கு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்ட குஞ்சுகள் சில. அவற்றில் ஒன்று சிப்பி என்று, நாளெல்லாம் கூட இருந்த கரிச்சானுக்குத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் போனா சில பிள்ளைங்க தாங்காது" என்றது அலரி.

அதைக் கேட்டுக் கரிச்சான் பயந்துபோனது. ஆனாலும் அது தன் வித்தையை நம்பியது. குஞ்சு பதில் சொல்லவில்லையா? குஞ்சுக்குப் பதிலாக நான் சொல்கிறேன். பவளம் கிட்டே வந்ததும் சிப்பியைக் காட்டிவிட்டால் போயிற்று. கண்டல் இலைக்குள் புகுந்துகொண்டு சிப்பியின் குரலில் கீச்சிட்டது.

பவளம் சிறகடித்துக்கொண்டு ஓடிவந்தது. மரத்தடியைச் சுற்றியது. இலையை அலகால் விலக்கியது. உள்ளே குஞ்சு இல்லை. வாயைத் திறந்தபடி கரிச்சான் இருந்தது.

பவளம் அதையே பார்த்தது.

"யோவ் கரிச்சான்! என் பிள்ளைக் குரல் உன் வாயில என்ன பண்ணுது?"

எத்தனையோ குரல்கள் வைத்திருந்த கரிச்சான் இலைக்குள் பின்வாங்கியது.

"என் குரலும் உன் வாயில இருக்கா?" என்றது பவளம்.

"இருக்கு."

"அதை வச்சு என் பிள்ளையைக் கூப்பிட்டியா?"

"அழுகையை நிறுத்தத்தான் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டுட்டுப் பால் கொடுத்தியா?"

கரிச்சான் தலையைக் குனிந்துகொண்டது. அலரி அருகில் வந்து நின்றிருந்தது. அது கரிச்சானின் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வைக்குப் பவளம் கத்தியதே தேவலை போலிருந்தது கரிச்சானுக்கு.

பறந்துபோய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கரையில் காலியான கிளைகள் நிறைய உண்டு. வேலை போய்விட்டது, அது நிச்சயம். ஆனால் சிப்பி அங்கே சேற்றில் கிடந்தது. பருந்து வந்த அன்று தன்மேல் சாய்ந்து உட்கார்ந்த குஞ்சு. கரிச்சான் கிளையை விட்டு இறங்கி, சேற்றில் தத்திப்போய், அதன் முகத்துக்கு நேராக நின்றது.

பவளத்தின் குரலில் பேசக்கூடாது. அலரியின் குரலிலும் கூடாது. சாதாரணப் பேச்சுக்குக்கூட இத்தனை காலம் இரவல் குரல்தான். தன் குரல் என்று ஒன்று இருந்ததே, அது எங்கே? தேடி எடுத்தபோது, காய்ந்த பனையோலையை உரசினாற்போல வந்தது.

"சிப்பி."

குஞ்சு கண்ணைத் திறந்தது. "யாரு நீ?"

"கரிச்சான்."

"கரிச்சான் இப்படிப் பேசாது."

"இதுதான் என் குரல். இத்தனை நாள் மரத்திலேருந்து உன்னைக் கூப்பிட்டது உன் அம்மா இல்லை. நான்தான்."

சிப்பி தலையைத் தூக்கியது. "தினமுமா?"

"தினமும்."

"நேத்தும்?"

"நேத்தும் நான்தான். நீ ஓடி வந்தப்பல்லாம் அம்மா அங்கே இல்லை. அதனாலதான் உனக்குப் பால் கிடைக்கலை. உன் மேல தப்பில்லை. இப்ப கரையிலே கூப்பிடறது உன் அம்மா. நிஜமாவே உன் அம்மா."

சிப்பி அலகைத் திறந்தது. பிறகு அழுதது. ஏமாந்துபோன பிள்ளையின் அழுகை, அடிவயிற்றிலிருந்து. பசியையும் கோபத்தையும் தன்னந்தனியாகக் காத்திருந்ததையும் ஒன்றாகச் சேர்த்து அழுதது. அதுபோல இந்த உலகத்தில் வேறெந்தக் குஞ்சும் அழ முடியாது.

பவளம் திரும்பியது. இரண்டே தாவலில் வந்து அலகைத் தாழ்த்தியது. சிப்பி அழுதுகொண்டே குடித்தது.

கரிச்சான் அங்கே நிற்கவில்லை. நுரையிடம் போனது. பிறகு கோரையிடம். ஒவ்வொரு குஞ்சிடமும் அதே பனையோலைக் குரலில் அதையே சொன்னது. சில குஞ்சுகள் அதன் மண்டையில் கொத்தின. அது வாங்கிக்கொண்டது. திட்டு முழுக்க அழுகை கிளம்பியது. நூறு விதமான அழுகை. தாய்கள் அவற்றுக்குள் புகுந்து புகுந்து தங்கள் பிள்ளைகளைக் கண்டெடுத்தன. வெயில் உச்சிக்கு வருமுன் பால் குடிக்காத குஞ்சு ஒன்றுகூட இல்லை.

எல்லாம் ஓய்ந்தபின் கரிச்சான் கண்டல் கிளையில் ஏறி உட்கார்ந்தது.

"பௌர்ணமி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நான் கிளம்பறேன்" என்றது.

"எங்கே?" என்றது அலரி.

"வேலைதான் போச்சே."

"வேலை இன்னும் கிடைக்கவே இல்லை அண்ணே. அப்புறம் எப்படிப் போகும்?"

கரிச்சான் ஏறிட்டுப் பார்த்தது.

"பயிற்சி நாளைக்கு முதல்லேருந்து ஆரம்பம்" என்றது அலரி. "ஒரே நிபந்தனை. இந்தக் குரல்லதான் பேசணும்."

"இதைக் கேட்டா பிள்ளைங்க பயந்து அழுமே!"

"அழட்டும்" என்றது அலரி.

மறுநாள் காலையில் தாய்கள் பறந்துபோயின. சிப்பி வழக்கம்போல ஆரம்பித்தது. கரிச்சான் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"ஆமா சிப்பி. அம்மா போயிட்டா. சாயங்காலம் வருவா. நான் கரிச்சான். இங்கேதான் இருப்பேன்."

அந்தக் குரலைக் கேட்டு சிப்பி இன்னும் பலமாக அழுதது. கரிச்சான் இரண்டு சிறகையும் விரித்தது. நிழல் ரொம்பச் சின்னதாகத்தான் விழுந்தது. சிப்பியின் தலையை மட்டும்தான் மூடியது. நெடுநேரம் கழித்து, அழுகைக்கு நடுவிலேயே, சிப்பி கொஞ்சம் நகர்ந்து வந்து அதன்மேல் சாய்ந்துகொண்டது.

இல்லாத ஆறுதலைக் காட்டிக் குழந்தையின் அழுகையை அடக்குகிறவர், இருக்கிற ஆறுதலையும் அதனிடமிருந்து பறித்துவிடுகிறார்.