ஆள் குடியில்லாத நிலம்

ஆவரைப்பட்டி ஊருக்குள் ஓடிய பழைய ரயில்பாதை கைவிடப்பட்டு வெகுநாளாயிற்று. புதிய பாதை ஊருக்கு வெளியே போனது. பழைய தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியது மூன்று கிலோமீட்டர் மண்மேடு. அதன்மேல் சீமைக்கருவேலமும் கறிக்கடைக் கழிவும்.

நடுநிலைப்பள்ளி ஆசிரியை செண்பகவல்லியின் கணவர், காலை நடைக்குப் போனவர், நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தார். அந்த ஊரில் மனிதர் நடக்க வேறு இடம் கிடையாது. செண்பகவல்லி, அந்த மேட்டை நடைபாதையாக்க நாலு பேரைச் சேர்த்துக் குழு அமைத்தாள். முள்ளை வெட்டி, மேட்டின் இருபுறமும் புங்கனும் வேம்பும் நட்டார்கள்.

நட்டது அவர்கள், தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் இருளாயி. பழைய ரயில்வே கேட்டின் காவலாளிக்கு வாழ்க்கைப்பட்டவள். அவன் செத்த பிறகும் கேட் பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். ஆறு கோடைகள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். ஒருநாள் கேட்டாள்:

"பார்க்கு வந்துட்டா என்னைய எழுப்பிருவாங்களா டீச்சர்?"

"நான் இருக்கிறவரைக்கும் நடக்காதுக்கா."

ஏழாவது வருடம் ரயில்வே நில அதிகாரி சுகுமாரன் வந்தார். ஆள் குடியில்லாத நிலமென்றால் பொது நடைபாதைக்காக நகராட்சிக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் மாதக் கடைசியில் ஏலம். கடை கட்ட ஆள் காத்திருந்தது. பேசிக்கொண்டே நடந்தவர், இருளாயியின் குடிசையில் அடுப்பு புகைவதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"யாரும் குடியில்லன்னு உங்க குழு எழுதிக் குடுத்தா எனக்குப் போதும்மா. இருக்காங்கன்னா நான் மேலிடத்துல கேக்கணும். பதில் வர்றதுக்குள்ள ஏலம் முடிஞ்சிரும்."

செண்பகவல்லி மூன்று முறை குடிசைக்குப் போனாள். மூன்று முறையும் இருளாயி கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பினாள். கெடுவின் கடைசி நாளில், 'இந்நிலத்தில் எவரும் குடியிருக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் இருளாயி கடைசி வரிசைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரும்போது, நகராட்சி இயந்திரம் குடிசையை இடித்து முடித்திருந்தது. அவளுடைய பாத்திரங்கள் ஒரு சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் செண்பகவல்லி நின்றாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கூரையப் பிரிச்சிருப்பேனே டீச்சர்."

"சொல்ல வாய் வரலக்கா."

"கையெழுத்துப் போட மட்டும் கை வந்துச்சாக்கும்."

இருளாயி வக்கீலிடம் போனாள். தடை வாங்கலாம், ஆனால் தீர்ப்பு வரும்வரை உள்ளே யாரும் கால்வைக்க முடியாது, மரத்துக்குத் தண்ணீர்கூட ஊற்ற முடியாது என்று அவர் விளக்கினார். இருளாயி, "இத்தன வருஷம் நான் அங்கதான் இருந்தேன்னு கோர்ட்டுல எழுதுங்க" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள்.

தடை வந்தது. ஏலமும் நின்றது, நடைபாதையும் நின்றது. மேட்டைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். இரண்டு கோடைகளில் மரங்களில் பாதிக்குமேல் பட்டுப்போயின. ஊரார் இன்னும் லாரிகளை ஒட்டியே நடக்கிறார்கள்.

விதியைக் காட்டி ஒதுங்கிய சுகுமாரன், ஊருக்காக வாக்கை மீறிய செண்பகவல்லி, தான் வளர்த்த மரம் சாகும் என்று தெரிந்தும் வழக்குப் போட்ட இருளாயி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: இருளாயி செய்ததே சரி. சுகுமாரன் கண்ணால் கண்டதைக் காகிதத்தில் காணாமல் செய்தார். செண்பகவல்லி, கேட்டால் கிடைத்திருக்கக்கூடியதைக் கேட்காமல் பறித்தாள். இருளாயி நிலத்தைக் கேட்கவில்லை. தான் அங்கே வாழ்ந்தது பொய்யில்லை என்று எழுதச் சொன்னாள், அவ்வளவுதான். இந்தத் தீர்ப்பை அவளிடமே சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சரியா இருந்து என்ன செய்ய? வேம்பு நாப்பது போச்சு" என்றாள்.