நிமிஷத்துக்கு ஒரு பார்கோடு

மதுரையில் கபடி இறுதி ஆட்டம். கேட்டை மூடப்போகிறார்கள். ஆடப்போவது அங்காள ஈஸ்வரியின் மகள்.

கேட் மேனேஜர் தனராஜ், டிக்கெட்டைக் காட்டிய அங்காள ஈஸ்வரியின் செல்போனைப் பிடுங்கினார். "முன்ன பாத்த பார்கோடு வேற, இது வேற. போலி டிக்கெட்! போலீஸைக் கூப்பிடுங்கடா!"

"யாரும் படம் எடுத்து ஏமாத்தக் கூடாதுன்னு ஆப்பே நிமிஷத்துக்கு ஒருதரம் பார்கோடை மாத்திக்கிட்டே இருக்கும் சார். டிக்கெட் ஒண்ணுதான். மெஷின்ல காட்டுங்க."

"மெஷின் எதுக்கு? என் கண்ணு போதும்!"

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். படத்தில் சுருள்முடி, எதிரே பளபளக்கும் வழுக்கை.

"அப்ப இந்தக் கார்டுல இருக்கறது யாரு சார்? போலீஸ் வரட்டும், அதையும் கேட்டுருவோம்."

வரிசையே சிரித்தது. தனராஜ் முறைத்தபடி ஸ்கேனரை நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

உள்ளே ஓடிக்கொண்டே கத்தினாள்: "உங்களையும் ஒருதரம் அதுல காட்டிப் பாத்துக்கங்க சார்!"