மரத்துப்போகாத கால்

தமயந்தி அந்த அரசு மருத்துவமனையில் மயக்கவியல் துறைக்குத் தலைவர். அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்தபோது குலசேகரனுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. குருவைவிட சீடர் மூத்தவர். ஊர் ஊராக நர்சிங் ஹோம்களில் மயக்க மருந்து கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்திருந்தார். முதுகில் ஊசி போடுவதில் அவர் கை பேர்போனது.

அவரை ஆராய்ச்சிக்கு இழுத்து வந்தது ஒரு கோபம். எந்த ஊருக்குப் போனாலும் பெண்கள் ஒரே புகாரைச் சொன்னார்கள். பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்டார்கள், அன்றிலிருந்து முதுகுவலி. பஸ்ஸில் கேட்டிருக்கிறார். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார். சொந்த மைத்துனியின் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறார். ஊசியின் மேல் விழுந்த பழி தன் கையின் மேல் விழுந்ததாகவே அவருக்குப் பட்டது.

ஊசி போட்டுக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள், முழு மயக்கத்தில் பெற்றவர்கள், எந்த மருந்தும் இல்லாமல் பெற்றவர்கள் என்று மூன்று வகைப் பெண்களையும் தேடிப் போய் விசாரித்தார். முதுகுவலி எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வேறு நாடுகளில் ஆராய்ந்தவர்களும் இதையேதான் கண்டிருந்தார்கள்.

தமயந்தி எல்லாவற்றையும் படித்தார்.

"சரியா செஞ்சிருக்கீங்க டாக்டர். ஆனா இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாருங்க."

"என்ன கேக்கணும் மேடம்?"

"தெரியல. நாம ஏதோ கேக்காம விட்டிருக்கோம்னு தோணுது."

அடுத்த மாதமும் அவர் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த மாதமும். குலசேகரனுக்குச் சந்தேகம் வந்தது. தன்னைவிட மூத்த ஒருவன் பேர் வாங்குவது இந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லையோ. நம்மை இழுத்தடித்துவிட்டு வேறு எங்காவது தன் பேரில் இதைச் சொல்லிவிடுவாரோ. அன்று முதல் தன் அலமாரியைப் பூட்டத் தொடங்கினார். பூட்டியதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். தமயந்தி அதைப் பார்த்திருக்கலாம்.

அப்போதுதான் சண்முகவடிவு வந்து சேர்ந்தார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர். காலில் ஆணி குத்தியிருந்தது. சர்க்கரை நோய் புண்ணை ஆறவிடவில்லை. வலது காலின் கடைசி இரண்டு விரல்களும் கறுத்துப்போயிருந்தன. அவற்றை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் பாதமே போகும் என்றார் அறுவை மருத்துவர். ஆனால் அந்த அம்மாவுக்கு நெடுநாள் ஆஸ்துமா. முழு மயக்கம் கொடுத்தால் நுரையீரல் தாங்குமா என்பது தெரியாது. முதுகில் ஊசிதான் வழி என்று முடிவு செய்து, குலசேகரன் வார்டுக்குப் போய்ச் சொன்னார்.

சண்முகவடிவு மாட்டேன் என்றார். பிரசவத்தில் அந்த ஊசியைப் போட்டதிலிருந்து வருஷக்கணக்காக முதுகுவலி என்றார்.

குலசேகரனுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இது அவருடைய பாடம். கட்டிலருகே நின்று பொறுமையாக விளக்கினார். எத்தனை பெண்களிடம் கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள், ஊசிக்கும் வலிக்கும் ஏன் சம்பந்தமில்லை. சண்முகவடிவு கடைசிவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதச் சொல்லுததுக்கு ஒங்களுக்கு என்ன கெடைக்கும்?"

"எனக்கு ஒண்ணும் கெடைக்காதும்மா."

"பொறவு எதுக்கு இவ்வளவு நேரம் சொல்லுதிய?"

குலசேகரனுக்குள் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. இந்த அம்மாவை யாராவது தூண்டிவிட்டிருப்பார்களோ. பழைய ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட நம் வாயைக் கிளறுகிறாரோ.

வலிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். அவர் கையைப் பின்னால் வளைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தொட்டார். குலசேகரன் அங்கே அழுத்தினார். முகம் சுருங்கியது. பிறகு சொந்த ஊரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேறு இடங்களில் அழுத்தினார். ஒன்றுமில்லை. பேச்சை நிறுத்தாமல் விரலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். பாதி வார்த்தையில் அந்த அம்மாவுக்கு ஒரு கணம் மூச்சு நின்றது.

வலி நடிப்பில்லை. ஆனால் முதுகில் போடும் ஊசி இடுப்புக்கு அருகில் போடுவது. இவர் காட்டிய இடம் அதற்கு வெகு மேலே. குலசேகரன் வேகமாகத் தமயந்தியின் அறைக்கு வந்தார்.

"ஊசி எங்க போட்டாங்கன்னுகூட அவங்களுக்குத் தெரியல மேடம்."

"வலி இருக்கா?"

"இருக்கு. வலி உண்மை. சொல்ற காரணம்தான் பொய்."

தமயந்தி நாற்காலியிலிருந்து எழுந்தார். "வாங்க, போய்ப் பாப்போம்."

சண்முகவடிவு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் போய் இருவராக வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. நீங்களும் ஊசிக்குச் சிபாரிசு பண்ணத்தான் வந்தீர்களா என்று தமயந்தியிடம் கேட்டார். தமயந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இல்லம்மா. ஒண்ணு கேட்டுட்டுப் போக வந்தேன். பிரசவத்தன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"அது எதுக்கு இப்ப?"

"தெரிஞ்சுக்கத்தான்."

சண்முகவடிவின் கண் குலசேகரனின் கையிலிருந்த பேனாவுக்குப் போனது. அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த நர்ஸ் அங்கிருந்தவரின் சொட்டு மருந்தை மாற்றிவிட்டுப் போனார். தமயந்தி எழுந்திருப்பதாக இல்லை என்று தெரிந்த பிறகு சண்முகவடிவு சொல்ல ஆரம்பித்தார்.

வேறொரு ஊர், வேறொரு ஆஸ்பத்திரி. ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே தனக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள். துணிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு புது வீட்டுப் பால்காய்ப்புச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வயிற்றில் எதையோ இழுப்பது தெரிந்தது. பிறகு பேச்சு நின்றது. பிள்ளை அழவில்லை. ஏன் அழவில்லை என்று கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பக் கேட்டார். பேசாமல் படு என்று ஒரு குரல் வந்தது. யாரோ எதையோ தூக்கிக்கொண்டு வேகமாக வெளியே போனார்கள். அதன் பிறகும் துணிக்கு அந்தப் பக்கம் தையல் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளை இல்லை என்று மறுநாள்தான் சொன்னார்கள். முகத்தைப் பார்க்கக் கேட்டபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள்.

யாருக்கோ வழி சொல்வது போலத்தான் இதைச் சொன்னார். கடைசியில் முழங்கைகளைக் கட்டிலில் ஊன்றி, தோள்களைத் தூக்கிக் காட்டினார்.

"இப்பிடி எந்திரிக்கப் பாத்தேன். எந்திரிச்சுப் போயிப் புள்ளயப் பாத்திருப்பேன். காலு வரல. ஊசியப் போட்டுட்டாவல்லா."

தமயந்தி ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வலது காலுக்கு மட்டும், முழங்காலுக்குப் பின்னால் போகும் நரம்பின் பக்கத்தில் மருந்து போட ஒரு முறை இருக்கிறது என்றார். பாதம் மரத்துப்போகும், நினைவு இருக்கும், முதுகைத் தொட வேண்டியதில்லை.

"மத்தக் காலு?"

"அது எப்பவும்போல இருக்கும். நீங்க அசைக்கலாம்."

சண்முகவடிவு உடனே நம்பிவிடவில்லை. மருந்துக் குப்பியைத் தன் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும் என்றார். பச்சைத் துணி கூடாது என்றார். அந்த அறையில் எது நடந்தாலும் தனக்குச் சொல்ல வேண்டும் என்றார். தமயந்தி மூன்றுக்கும் ஒப்புக்கொண்டார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதிலேயே ஏதோ இருக்கிறது என்பது போல சண்முகவடிவு அவரைப் பார்த்தார். பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

வெளியே வந்ததும் குலசேகரன் தன் மனதில் இருந்ததைச் சொன்னார். இன்றைக்கு ஒருவருக்கு இறங்கிப்போனால் நாளைக்கு வார்டு முழுக்க முதுகு ஊசி வேண்டாம் என்று நிற்கும். இத்தனை நாள் உழைத்து ஊசிமேல் பழியில்லை என்று காட்டியிருக்கிறோம், நாமே அந்தப் பழியை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா என்றார். தமயந்தி கேட்டுக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டரில் ஸ்கேன் திரையைச் சண்முகவடிவு பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். எது நரம்பு என்று கேட்டார். தமயந்தி காட்டினார். ஊசி முனை நரம்பின் அருகே வந்து மருந்து பரவுவதை அவர் இமைக்காமல் பார்த்தார். கால் மரக்க நேரம் பிடித்தது. முதுகில் போட்டிருந்தால் இதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும் என்று அறுவை மருத்துவர் முணுமுணுத்தார். குலசேகரனும் அதையேதான் நினைத்தார்.

கடைசியில் பாதத்தை அவர்தான் சோதித்தார். குளிர்ந்த பஞ்சை வைத்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார் சண்முகவடிவு. அறுவை மருத்துவர் கத்தியை எடுத்துக் குனிந்தார். கத்தி இன்னும் தோலைத் தொடவில்லை.

"வலிக்கு," என்றார் சண்முகவடிவு.

குலசேகரன் தமயந்தியின் காதருகே குனிந்தார். வலிக்க வழியே இல்லை, பொய் சொல்கிறார் என்றார்.

"நிறுத்துங்க," என்றார் தமயந்தி.

அறுவை மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தி தட்டுக்குத் திரும்பியது. எல்லாரும் நின்றார்கள். சண்முகவடிவு தலையைத் தூக்கி, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த ஒவ்வொரு ஜோடிக் கண்ணையும் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்தார்.

"சரி. வெட்டுங்க."

வேலை தொடங்கியது. வலது கால் கட்டை போலக் கிடந்தது. இடது கால் மட்டும் போர்வைக்குள் அசைந்துகொண்டே இருந்தது. விரல்கள் விரியும், மடங்கும், மறுபடி விரியும். அந்தக் காலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் அறுவை மருத்துவர். பிடிக்கப் போன குலசேகரனின் கையைத் தமயந்தி மெல்ல விலக்கினார். குலசேகரன் பக்கத்தில் நின்று அந்தக் கால் அசைவதைப் பார்த்தார். வலியால் அசைகிற கால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இது அப்படி இல்லை.

நடுவில் ஏதோ கீழே விழுந்து சத்தம் வந்தது.

"என்னது அது?" என்றார் சண்முகவடிவு.

எல்லாரும் வேலையில் இருந்தார்கள். இடது காலின் அசைவு நின்றுவிட்டது. முழங்கைகள் படுக்கையில் ஊன்றின. தோள்கள் எழும்பின.

"இடுக்கி ஒண்ணு கீழ விழுந்துடுச்சும்மா," என்றார் குலசேகரன். குரல் வேகமாக வந்தது. "வேற ஒண்ணும் இல்ல. இந்தா, எடுத்துட்டாங்க. உங்க வெரல் ரெண்டையும் எடுத்தாச்சு. இப்பத் தையல் போடுறாங்க."

சண்முகவடிவு அவரைப் பார்த்தார். நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஆனால் தோள்கள் இறங்கின. சற்று நேரத்தில் கால் மறுபடி அசையத் தொடங்கியது.

அடுத்த நாள் குலசேகரன் தனியாக வார்டுக்குப் போனார். காலைப் பார்த்தார். நன்றாக இருந்தது. முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அது அப்படியேதான் இருக்கு என்றார் சண்முகவடிவு. ஏன் கேக்கிய என்று உடனே திருப்பிக் கேட்டார். சும்மாதான் என்றார் குலசேகரன். போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன பேர் வைக்க நினைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அந்த அம்மா போர்வை நுனியை மடித்து மடித்து வைத்தார். பிறகு சொன்னார்.

அங்கிருந்து நேராகத் தமயந்தியின் அறைக்கு வந்தார். தமயந்தி மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்திருந்தார். குலசேகரன் உட்காராமல் நின்றார்.

"என் ஆராய்ச்சி தப்பா மேடம்?"

"தப்பில்ல டாக்டர். ஊசியால வலி வரல."

"அப்ப அந்த அம்மா சொல்றது?"

"அதுவும் தப்பில்ல."

"ரெண்டும் எப்படி மேடம் சரியா இருக்கும்?"

தமயந்தி கையிலெடுத்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"பிரசவத்தன்னைக்கு அந்த ரூம்ல ஊசி மட்டுமா டாக்டர் இருந்துச்சு?"