மீரான் பாய் போட்டுக்கொடுத்த டயர்

டயரைக் கிழித்தது யார் என்பது இந்தக் கதையின் புதிர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடலாம், கிழித்தவள் உலகம்மாள். புதிர் அதற்குப் பிறகுதான் வருகிறது. கவனமாகக் கேளுங்கள்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே கடைத்தெருவில் விதைக் கடை வைத்திருந்தவர் சங்கரபாண்டி. உலகம்மாள் அவர் மனைவி. அதே தெருவில் ஜவுளிக்கடை நடத்திய மீரான் பாய், முதுகுவலியால் இனி ஓட்ட முடியாதென்று தன் காரை விற்றபோது, சங்கரபாண்டி அதை வாங்கினார். "டயர் நாலும் புதுசு. நம்பி ஓட்டுங்க" என்று சொல்லித்தான் பாய் சாவியைக் கொடுத்தார்.

உலகம்மாள் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தாள். "கை படியுத வரைக்கும் நான் இல்லாம எடுக்காத" என்று கணவர் சொல்லியிருந்தார். ஆசை கேட்கவில்லை. ஒரு மத்தியானம் அவர் கடையில் இருந்த நேரத்தில் தனியாக எடுத்துப் போனாள். வாய்க்கால் பாலத் திருப்பத்தில் உடைந்த ஓரக்கல்லில் முன்சக்கரம் மோதி உரசியது. இறங்கிப் பார்த்தாள். டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. காற்று இறங்கவில்லை. முந்தானையால் மண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்த மீரான் பாய் எதிரே நின்றார்.

"அடி ஒண்ணும் படலியே, தங்கச்சி?"

"இல்லண்ணே."

"டயரை மட்டும் யாருகிட்டயாவது காட்டிரு."

தலையாட்டிவிட்டு வந்தாள். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால், வண்டியை எடுத்தது தெரிந்துவிடும்.

அந்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். சொல்லிவிடலாம் என்று உலகம்மாள் வாயெடுத்தாள். அதற்குள் மகள் மாற்றுத்துணிப் பையோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள். உலகம்மாளும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பாதி வழியில் அந்த டயர் வெடித்தது. கார் சாலையை விட்டு இறங்கி ஒரு புளியமரத்தை ஒட்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. மகள் மட்டும் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளை மடியில் போட்டுக்கொண்ட உலகம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு திரும்பிய சங்கரபாண்டி, வண்டியை நேராக ஜவுளிக்கடை வாசலில் நிறுத்தினார். வெடித்த டயரை இறக்கிப் போட்டார். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"புதுசுன்னு சொல்லி எதை என் தலையில கட்டியிருக்கீரு? எம்பிள்ளை உயிரு உமக்கு விளையாட்டா?"

மீரான் பாய் டயரைப் பார்த்தார். பிறகு காருக்குள் இருந்த உலகம்மாளைப் பார்த்தார். அவள் குனிந்து மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான். வேற போட்டுத் தாரேன்" என்றார்.

மறுநாளே புது டயர் வந்தது. ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? "வண்டியே இப்படின்னா துணி எப்படி இருக்குமோ" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பியது. கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒரு குடும்பம், பாய் கடைப் படிவரை வந்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்ததை உலகம்மாள் தன் கண்ணாலேயே கண்டாள். அன்று ராத்திரியே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் ஏசவில்லை. "காலையில பாய் வீட்டுக்குப் போயி நான் மன்னிப்புக் கேக்கேன். டயர் விலையையும் குடுத்திருதேன். தெருவுல மட்டும் தெரிய வேண்டாம். உன்னை ஒருத்தன் ஒரு சொல் சொல்லக் கூடாது" என்றார். சொன்னபடியே செய்தார். பாய் மன்னித்தார், பணத்தைத் தொடவில்லை.

உலகம்மாளும் தனியாகப் போய் அவர் முன் நின்றாள். "எல்லார்ட்டயும் உண்மையச் சொல்லிருதேண்ணே."

"வேண்டாம் தங்கச்சி. என் பேரு கொஞ்ச நாள்ல தேறிரும். உன்னைப் பேச ஆரம்பிச்சா விட மாட்டாங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடு."

கொடுத்தாள்.

அந்த வாக்கு வெகுநாள் தாங்கவில்லை. ஒரு சந்தை நாளில், டீக்கடை நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து அதன் முன்னால் போய் நின்றாள். "டயரைக் கிழிச்சது நான். பாய்க்கு அது தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்காம அவரு பழியை ஏத்துக்கிட்டாரு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சிலர் சிரித்தார்கள். விதைக் கடைக்குள் சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். தன் கடை வாசலில் நின்ற மீரான் பாய், "வாக்குக் குடுத்தியே தங்கச்சி" என்றார்.

மனைவிக்கு இழுக்கு வராமல், வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார் கணவர். அவளுக்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுத்தார் மீரான் பாய். அவளோ கணவர் சொல்லையும் மீறி, கொடுத்த வாக்கையும் உடைத்தாள். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: தெருவில் ஏசியதற்கு வீட்டுக்குள் கேட்கும் மன்னிப்பு ஈடாகாது, சங்கரபாண்டி செய்தது பாதிதான். மீரான் பாயின் பெயர் அவருடையது, அதை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை உண்டு; அதை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க உலகம்மாளுக்கு உரிமை இல்லை. ஆகவே வாக்கை உடைத்த அவள் செய்ததே சரி. ஆனால் அவளைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். சரியானதைச் செய்ய வேண்டிய நாள் குற்றாலத்துக்குக் கிளம்பிய நாள், அன்று நான் செய்யவில்லை என்பாள். ஜவுளிக்கடையில் பழையபடி கூட்டம் வருகிறது. மீரான் பாய் இன்றும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார். அவள்தான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.