ஆலைக் குழாயும் ஒரு குடுவைத் தண்ணீரும்

குரு என்றால் தாடி இருக்க வேண்டுமா என்ன? இந்தக் குருவின் பெயர் சுகந்தி, வயது முப்பத்திரண்டு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் மண்ணில் வாழும் கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். சிரிக்க ஆரம்பித்தால் லேசில் நிற்காது.

சீடர் மாடக்கண்ணுவுக்கு ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் பிளாஸ்டிக் குழாய் ஆலையில் கலவை போட்டவர். பிளாஸ்டிக் தூள் தானாக வளைந்து கொடுக்காது. தாலேட் என்கிற எண்ணெயைக் கலந்தால்தான் குழாய் மெத்தென்று வரும். அந்த எண்ணெய் குழாயிலேயே தங்காமல் மெல்லக் கசிந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகிறது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. அதைத் தின்னும் கிருமி உண்டு என்று கேள்விப்பட்டு சுகந்தியிடம் வந்தார்.

"ஒரு சொட்டாவது இல்லாமப் போறத என் கண்ணால பாக்கணும் டீச்சர்."

"பாத்திரலாம் அண்ணாச்சி."

ஆலைக்குப் பின்னால் கிடந்த மண்ணிலிருந்து கிருமியைப் பிரித்தார்கள். குடுவைத் தண்ணீரில் அதை விட்டு, எண்ணெய் ஒரு சொட்டு ஊற்றி, காற்று போக ஒரு குழாயையும் உள்ளே இறக்கினார்கள். சுகந்தி ஒரு மாதம் வெளியூர் போனாள். வாரா வாரம் மாடக்கண்ணுவே அளந்து பார்த்தார்.

அவள் திரும்பி வந்த அன்று அவர் பையும் கையுமாக வாசலில் நின்றார்.

"நான் கிளம்புதேன் டீச்சர்."

"ஏன், என்னாச்சு?"

"மொத வாரம் பாதி எண்ணெயக் காணோம். அன்னைக்கு நான் பட்ட சந்தோசம் உங்களுக்குச் சொல்லி முடியாது. அதுக்கப்புறம் மூணு வாரமா குறையவே மாட்டேங்குது. நேத்து கூடியே போச்சு. நான் செஞ்சு வச்ச வேலை எந்தக் கிருமிக்கும் அடங்காது."

"கிருமி செத்துப் போச்சோ?"

"எங்க சாகுது? கொழுத்துப் போயி, குடுவையே கலங்கிக் கெடக்கு."

"சாப்பிடாமலா கொழுத்துச்சு?"

சுகந்தி குடுவைக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"இந்தக் காத்துக் குழாய் ஏது?"

"பழசு மொத வாரக் கடைசில விரிசல் விட்டுட்டு. நம்ம ஆலைக் குழாய்ல ஒரு முழம் வெட்டி மாட்டுனேன். என் கையால கலந்தது, எப்படி வளைச்சாலும் வளையும்." அந்த வருத்தத்திலும் குரலில் ஒரு பெருமை இருந்தது.

அவள் குழாயை உருவி அவர் கையில் கொடுத்தாள். தண்ணீரில் கிடந்த முனையில் கிருமி வழவழவென்று அப்பியிருந்தது.

"வளைங்க, பாப்போம்."

வெளியே இருந்த பாகம் அவர் விரலைச் சுற்றிக்கொண்டது. தண்ணீரில் கிடந்த பாகம் விறைத்து நின்றது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அப்போ இந்த மூணு வாரமா..." என்றார்.

சுகந்தி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சொல்லி முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அதுக ஒழுங்காத்தான் சாப்பிடுது அண்ணாச்சி. நீங்கதான் இலைய மூட விடாம பரிமாறிக்கிட்டே இருந்திருக்கீங்க."